வருகையின் நோக்கம்

மின்கட்டண அட்டையின் பின்புறத்தில்தான்
முதல் கணக்குப் போட்டோம்.
மதுரையிலிருந்து சென்னை, மூன்று பேர், படுக்கை வசதி.
சென்னையிலிருந்து போர்ட் பிளேர்.
அங்கிருந்து திக்லிபூர், நாள் முழுக்கப் பேருந்து.
அப்புறம் படகு.
படகுக்கு எதிரே தொகை எழுதாமல்
ஒரு கேள்விக்குறி போட்டான் சாந்தாராம்.
எங்களை நம்பவைக்க அதன் கீழே
இரண்டு கோடு இழுத்தான்.

நார்கொண்டாம்.
எரிமலை அடங்கிக் காடு முளைத்த தீவு.
அத்தனை கடலில் அந்த ஓரிடத்தில் மட்டும்
ஓர் இருவாச்சி.
வேறெங்கும் இல்லை.

ஏழு சதுர கிலோமீட்டர் என்றால் எவ்வளவு?
ஜெராக்ஸ் கடையை மூடிய பிறகு
தீவின் படத்தைச் சுருக்கி
ஊர் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தான்.
தெற்கே வில்லாபுரம்.
வடக்கே ஆற்றைத் தாண்டிக் கோரிப்பாளையம்.
கோயில் இருக்கிற இடத்தில் எழுநூறு மீட்டர் மலை.
ஜெயசீலி இரவுப் பணி பார்க்கும் பெரியாஸ்பத்திரி
சரியாகக் கடற்கரையில் நின்றது.
'என் வார்டுக்கு அலை அடிக்குமா?' என்று கேட்டாள்.
'அவுட்பேஷண்ட் வரைக்கும்' என்றான்.

கடல் பழகுவதற்காக
உசிலம்பட்டி வண்டியின் கடைசி இருக்கையில்
ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தோம்.
செக்கானூரணிக்கு முன்பே சாந்தாராம்
ஜன்னல் பக்கம் போய்விட்டான்.
திரும்பும்போது
வாந்தி மாத்திரை வாங்கினோம், ஒரு அட்டை.

சாமநத்தம் கண்மாய்க்கரையில்
நாமக்கோழிகளை எண்ணிக்கொண்டே
மாதத்தை முடிவு செய்தோம்.
பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை
கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும்.
அதே மாதங்களில்தான்
பெண் பறவை மரப்பொந்துக்குள் போய்
வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும்.
ஒரு கீறல் மட்டும் மிச்சம்.
ஆண் பறவை பழம் கொண்டுவந்து
அதன் வழியாக ஊட்டும்.

'அப்ப நம்ம போறப்ப அவ உள்ள இருப்பா.'
'ஆமா.'
'அவ வெளிய வர்றப்ப?'
'கடல் விடாது.'
ஜெயசீலி அவித்த கடலையை உடைத்தாள்.
ஒன்று சொத்தை.
'அலகு தெரியுமில்ல' என்றாள், 'போதும்.'

எனக்குப் பதினோரு நாள் விடுப்பு வேண்டும்.
வாசல் வாசலாய் மீட்டர் பார்க்கிறவனுக்கு
இருபது வருடத்தில் இதுதான் நீண்ட மனு.
உதவிப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
'பறவையைப் பாத்து?'
'பாத்துட்டு வந்துருவோம் சார்.'
'பிடிக்க மாட்டீங்க?'
'மாட்டோம் சார்.'
அதற்குத்தான் அவர் அதிகம் யோசித்தார்.

அனுமதிப் படிவத்தில் ஆறாவது கட்டம்:
வருகையின் நோக்கம்.
ஆராய்ச்சி என்று எழுதி அடித்தோம், பொய்.
சுற்றுலா என்று எழுதி அடித்தோம்,
அங்கே சுற்றுலா கிடையாது.
சொந்தக் கடை என்பதால்
படிவம் எத்தனை வேண்டுமானாலும் கிடைத்தது.
ஐந்தாவதில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு
மற்றதை நிரப்பினோம்.

ஜெயசீலியின் கையெழுத்துக்காக
இரவு பதினொரு மணிக்குப் பாலம் தாண்டிப் போனேன்.
வார்டின் கம்பிக்கதவு பூட்டியிருந்தது.
உள்ளே யாரோ இருமினார்கள்,
சக்கரம் கிறீச்சிடும் தள்ளுவண்டி ஒன்று
போய்க்கொண்டே இருந்தது.
இடைவெளியில் காகிதத்தை நீட்டினேன்.
ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

வெகுநேரம் கழித்து
காகிதம் அதே வழியாகத் திரும்பி வந்தது.
கூடவே ஓர் ஆரஞ்சு,
எந்த நோயாளி கொடுத்ததோ.
கையெழுத்து இருந்தது.
ஆறாவது கட்டம் அப்படியே காலியாக இருந்தது.

'லீவு?' என்றேன்.
'கேட்டிருக்கேன். நாலாவது தடவ.'
யாரோ சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.
இரண்டடி போனவள் கம்பிக்குத் திரும்பினாள்.
'அந்தப் படகுல
பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் இருக்கான்னு கேட்டீங்களா?'

கேட்கவில்லை.
அந்தக் கேள்விக்குறிக்குக் கீழே
இதையும் எழுத வேண்டும்.